சரிவு நிலத்தில் சுழலும் லேசர் மட்டம்: கோத்தகிரியில் ஒரு தடுப்புச் சுவர் வேலை

கோத்தகிரிப் பக்கம் மட்டமான இடம் என்று ஒன்று இருந்தால் அதில் ஏற்கெனவே பஸ் ஸ்டாண்டோ மைதானமோ வந்திருக்கும். மிச்சமெல்லாம் சரிவுதான். அரவேணு பக்கம் என் மச்சான் வாங்கிப் போட்ட மனையும் அப்படியே. மேலே தார் ரோடு, பக்கத்தில் தோட்டத்துக்குப் போகும் நடைபாதை, கீழே தேயிலை, அதற்கும் கீழே மழைத் தண்ணீர் ஓடும் ஓடை. வீட்டுக்கு ஒரு தட்டு வெட்டி, அதன் கீழ்ப்பக்கம் கருங்கல் தடுப்புச் சுவர் கட்டி, சுவரடியில் வடிகால் விட வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் வடிகால் முடிந்தாக வேண்டும் என்பதுதான் கெடு. 2009 நவம்பர் மழையில் இந்தப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் போனதைப் பார்த்தவர்கள் யாரும் சுவரை முதலில் கட்டிவிட்டு வடிகாலை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்ல மாட்டார்கள். சுவரைத் தள்ளுவது மண் மட்டுமில்லை, மண்ணுக்குள் தேங்கிய தண்ணீரும்தான்.

மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் நீலகிரியில் ஜேசிபி இறக்க முடியாது. சின்ன மனைக்கு கடப்பாரையும் மண்வெட்டியும்தான். கையால் வெட்டும் மண்ணில் அரை அடி தப்பாகப் போனால் அதைச் சரிக்கட்ட ஆள் கூலி இரட்டிப்பாகும். அதனால் இந்த வேலைக்கு, தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் டியூப் லெவலை மட்டும் நம்பாமல், சுழலும் லேசர் மட்டக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன்.

தெரியாதவர்களுக்கு: முக்காலி மேல் உட்காரும் கருவி. தலைப்பகுதி நிமிடத்துக்கு 300, 600 என்று சுழன்று, லேசர் ஒளியைச் சுற்றிலும் ஒரே மட்டத்தில் வீசும். அந்த ஒளி படும் உயரத்தை, அளவுக்கோலில் மாட்டிய டிடெக்டர் சத்தம் போட்டுச் சொல்லும். டம்பி லெவல் என்ற பழைய மட்டக் கருவிக்கு ஒருவர் தொலைநோக்கியில் பார்க்க, இன்னொருவர் கோல் பிடிக்க வேண்டும். இதில் கோல் பிடிக்கிறவரே அளவையும் படித்துவிடுவார். வெளி வெயிலில் கோடு கண்ணுக்குத் தெரியவே தெரியாது, டிடெக்டர்தான் கதி. பச்சை லேசர் வாங்கினால் வெளியில் நன்றாகத் தெரியும் என்று கடையில் சொல்வார்கள். வீட்டுக்குள் உண்மை. வெட்டவெளியில் பகல் வெளிச்சத்துக்கு முன்னால் பச்சையும் ஒன்றுதான், சிவப்பும் ஒன்றுதான். அதோடு சிவப்புக்கான டிடெக்டர் பச்சையைக் கண்டுகொள்ளாது. ஜோடி சரியா என்று பார்த்து எடுக்க வேண்டும்.

கருவியை மனைக்குக் கொண்டுபோகும் முன் சோதித்தே ஆக வேண்டும். வாடகைக் கருவி எத்தனை கை மாறியிருக்கும், மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் வளைவுகளில் டிக்கியில் எப்படி உருண்டிருக்கும் என்று நமக்குத் தெரியாது. கொழுந்து எடை போடும் கொட்டகை ஒன்றின் சுவரிலிருந்து 20 மீட்டர் தள்ளி, ரோட்டோரம் கெட்டியான தரையில் முக்காலியை வைத்தேன். கருவியின் ஒரு முகம் சுவரைப் பார்க்கும்படி வைத்து, தானாக மட்டமாகும் வரை காத்திருந்து, டிடெக்டர் காட்டிய உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். பிறகு முக்காலியை அசைக்காமல் கருவியை மட்டும் அரைவட்டம் திருப்பி மறுபடி ஒரு கோடு. அப்புறம் கால்வட்டம் திருப்பி அடுத்த அச்சுக்கும், அதாவது குறுக்குத் திசைக்கும், அதே மாதிரி இரண்டு.

கருவியின் அட்டையில் 30 மீட்டருக்கு 1.5 மி.மீ. துல்லியம் என்று போட்டிருந்தது. 20 மீட்டருக்கு அது 1 மி.மீ. அரைவட்டம் திருப்பும்போது பிழை இரண்டு பக்கமும் சேர்ந்து இரட்டிப்பாகத் தெரியும். ஆக இரண்டு கோட்டுக்கும் நடுவே 2 மி.மீ. வரை இருந்தால் சரி. முதல் அச்சில் 1 மி.மீ.தான் வந்தது. இரண்டாவது அச்சில் 6 மி.மீ. அதாவது 20 மீட்டருக்கு 3 மி.மீ. சாய்வு. கருங்கல் சுவருக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, கல்லின் முண்டே அதைவிட அதிகம். ஆனால் ஏன் சாய்ந்தது என்று தெரியாத கருவி நாளைக்கு இன்னும் எவ்வளவு சாயும் என்பதும் தெரியாது. திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனாலும் வேறொன்று கொடுத்தார். அது இரண்டு அச்சிலும் தேறியது.

மனைக்கு வந்தால் முதல் சிக்கல் முக்காலிதான். சரிவில் இரண்டு கால் கீழ்ப்பக்கம், ஒரு கால் மேல்பக்கம். மேல்கால் குட்டையாக இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் கருவியின் கனம் கீழே இழுத்து மொத்தமும் குப்புற விழும். புதிதாகக் கொட்டிய மண்ணில் வைக்கவே கூடாது. தேயிலைச் செடிக்கு நடுவில் சருகு மக்கிய மண் மேலே கெட்டியாகத்தான் தெரியும், காலால் மிதித்தால் கூர்முனை விரல் நீளம் உள்ளே போகும். சருகை ஒதுக்கிவிட்டுச் செம்மண் தெரியும் வரை சுரண்டி, மூன்று காலையும் மிதித்து இறக்கிய பிறகுதான் கருவியை மேலே திருகினேன். அது தானாக மட்டமாகிக்கொள்ளும் என்றாலும் சுமார் 5 டிகிரி சாய்வு வரைதான். முக்காலியின் தலைத்தட்டை நாம் கண்ணளவுக்காவது மட்டமாக்கிக் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு பொத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாராவது முக்காலியை இடித்துவிட்டால் கருவி என்ன செய்யும்? சாதாரண நிலையில் அது நல்ல பிள்ளையாக மறுபடி தன்னை மட்டமாக்கிக்கொண்டு சுழல ஆரம்பித்துவிடும். மட்டம் சரிதான், ஆனால் உயரம் மாறியிருக்கும். டிடெக்டர் எப்போதும் போலக் கத்தும். அதற்கு முன் எடுத்த அளவுக்கும் பின் எடுத்த அளவுக்கும் சம்பந்தமே இருக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. இதற்காகத்தான் சாய்வு எச்சரிக்கை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டால் இடிபட்டதும் சுழற்சி நின்று விளக்கு மின்னும். காற்று அடிக்கும் நாளில் இது சும்மா சும்மா நிற்கும், எரிச்சல் வரும், அணைத்துவிடலாமா என்று தோன்றும். அணைக்க வேண்டாம். முக்காலியைத் தாழ்த்தி, நடுவில் ஒரு சாக்கில் கல் கட்டித் தொங்கவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். காட்டெருமை சாவகாசமாகத் தோட்டத்துக்குள் நடந்து வரும் ஊர் இது. டீ குடிக்கப் போனாலும் ஒரு ஆள் பக்கத்தில் இருந்தார். மாலையில் முக்காலியை விட்டுவிட்டுப் போகிற பேச்சே இல்லை.

இனி பாதுகாப்பு. இதில்தான் மலைக்கும் சமவெளிக்கும் வித்தியாசம். கருவியோடு வரும் குறிப்பில் ‘ஒளியைக் கண் உயரத்தில் வைக்காதீர்கள், தலைக்கு மேலோ இடுப்புக்குக் கீழோ வையுங்கள்’ என்று இருக்கும். கோயம்புத்தூரில் ஒரு மனையில் இதைச் செய்துவிடலாம். சரிவில் ‘கண் உயரம்’ என்பது யாருடைய கண்? கருவி நிற்கும் தட்டில் தலைக்கு மேல் போகும் ஒளி, மேல்தட்டில் நிற்பவர் இடுப்பில் படும். அதற்கும் நடுவில் எங்கோ ஒருவர் கண்ணுக்கு நேராகப் போகும். எவ்வளவு உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் அந்தக் கண் மட்டம் மலையில் வேறு இடத்துக்கு நகருமே தவிர, இல்லாமல் போகாது.

அதனால் நான் செய்தது இதுதான். கருவி சுழல ஆரம்பித்ததும், கோலில் 1.5 மீட்டரில் டிடெக்டரைப் பூட்டிவிட்டுச் சுற்றி நடந்தேன். எங்கெல்லாம் சத்தம் வருகிறதோ அங்கெல்லாம் நிற்பவர் கண்ணில் ஒளி படும் என்று அர்த்தம். குழந்தைகளுக்காக 1 மீட்டரில் பூட்டி இன்னொரு சுற்று. எதிர்பார்த்தபடியே நடைபாதை மாட்டியது. பாதையின் ஒரு துண்டில் ஒளி தரையிலிருந்து 1.51 மீட்டரில் போகிறது. கொழுந்து மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு பெண்கள் வரும் பாதை, பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் ஓடும் பாதை. அந்தப் பக்கம் நமக்கு அளவெடுக்க ஒன்றுமில்லை. முக்காலிக்கு அந்தப் பக்கமாக ஒரு பழைய ஒட்டுப்பலகையை நட்டு மறைத்துவிட்டேன். சில கருவிகளில் குறிப்பிட்ட பக்கத்துக்கு மட்டும் ஒளியை நிறுத்தும் வசதியே உண்டு, இருந்தால் அதையே போடலாம். பாதையின் இரண்டு முனையிலும் ‘லேசர் ஒளி, உற்றுப் பார்க்காதீர்’ என்று எழுதிய அட்டை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நான் எடுத்தது இரண்டாம் வகுப்பு லேசர், 1 மில்லிவாட்டுக்கு உட்பட்டது. கண் தானாகச் சிமிட்டிக்கொள்ளும் கால் வினாடிக்குள் ஆபத்தில்லை என்ற கணக்கில் அந்த வகுப்பு. 600 சுற்றில் ஓடும்போது 20 மீட்டர் தூரத்தில் ஒளி ஒரு கண்ணைக் கடக்க ஆகும் நேரம் வினாடியில் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குதான். ஆபத்து எப்போது என்றால் சுழற்சியை நிறுத்தி ஒரே புள்ளியில் ஒளியை வைக்கும்போது. அல்லது பொடியன் யாராவது பக்கத்தில் வந்து உள்ளே எட்டிப் பார்க்கும்போது. கருவியில் ஒட்டிய சீட்டில் 3ஆர் வகுப்பு என்று போட்டிருந்தால் 5 மில்லிவாட் வரை போகும், சிமிட்டலை நம்ப முடியாது. பெட்டியில் வரும் சிவப்புக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. கோடு எடுப்பாகத் தெரிய உதவும், அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொண்டு தைரியமாக லேசரைப் பார்ப்பவர்களை நான் சைட்டில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் யாராவது டம்பி லெவல் வைத்திருந்தால் தொலைநோக்கியைக் கருவி பக்கம் திருப்ப வேண்டாம் என்று சொல்லிவைக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால் கண்ணைவிடக் காலுக்குத்தான் அதிக ஆபத்து. டிடெக்டரின் திரையில் அம்புக்குறியையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்கிறவருக்கு வெட்டிய விளிம்பு தெரியாது. எங்கள் மேஸ்திரி அண்ணன் இதற்கு முன் இந்தக் கருவியைத் தொட்டதில்லை, ஆனால் அரை மணியில் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். எங்கள் டிடெக்டரில் ஒளி மேலே என்றால் வேகமான பீப், கீழே என்றால் விட்டுவிட்டு, மட்டத்தில் ஒரே நீளச் சத்தம். மாடலுக்கு மாடல் இது மாறும். அவர் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு காதால் கேட்டார். கிளாம்ப் திருகைக் கட்டைவிரலால் தளர்த்தி, டிடெக்டரை மயிரிழை மயிரிழையாக ஏற்றி, நீளச் சத்தம் வந்ததும் கோலை முன்னும் பின்னும் லேசாக ஆட்டினார். கோல் சாய்ந்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும், ஆட்டும்போது வரும் மிகக் குறைந்த அளவே சரியானது. “ரசமட்டம் வேண்டாமாண்ணே?” என்றேன். “ஆட்டினா போதும் தம்பி, அதுவே சொல்லுது” என்றார்.

இன்னொன்று, மின்கம்பி. மேல்தட்டில் நிற்கும்போது கீழ்க் கம்பத்திலிருந்து வரும் கம்பி கைக்கெட்டும் தூரம் போல வந்துவிடும். 5 மீட்டர் அலுமினியக் கோலை நீட்டியபடியே தட்டுக்குத் தட்டு தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. மடக்கித்தான் நகர வேண்டும். இடி கேட்டால் கோலையும் முக்காலியையும் படுக்கப் போட்டுவிட்டு எல்லோரும் கொட்டகைக்கு.

சரி, அளவுக்கு வருகிறேன். 5 மீட்டர் கோல் என்று பெயர்தான். டிடெக்டர் கைக்கு எட்டினால்தான் ஏற்றி இறக்க முடியும், ஆக உண்மையில் கிடைப்பது 2 மீட்டர் சொச்சம். மேல் துண்டில் மாட்டி நீட்டலாம், காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். சரிவில் இதனால் கருவியை அடிக்கடி இடம் மாற்ற வேண்டியிருக்கும். டம்பி லெவல் இந்த ஒரு விஷயத்தில் இன்னும் ராஜாதான்.

மனையின் மேல்மூலையில் அசையாத பாறை ஒன்று இருந்தது. அதில் உளியால் ஒரு குறி வெட்டி அதன் உயரம் 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். கடல் மட்டத்திலிருந்து உண்மையான உயரம் நமக்கு வேண்டியதில்லை. அந்தக் குறியில் கோல் 0.640 காட்டியது. ஆக ஒளியின் மட்டம் 100.640. வீட்டின் ஒரு மூலையில் 1.720 என்றால் தரை 98.920. அடுத்த மூலையில் 2.050, தரை 98.590. இரண்டுக்கும் வித்தியாசம் 33 செ.மீ., அதை வைத்து எந்தப் பக்கம் எவ்வளவு வெட்டு என்று முளையில் பெயிண்ட் அடித்தாயிற்று. கீழே இறங்க, இடையில் ஒரு பாறையில் 2.130 எடுத்து, அதன் மட்டம் 98.510. கருவியைக் கீழே நகர்த்தி அதே பாறையில் மறுபடி 0.310, ஒளி மட்டம் 98.820. அடுத்த பாறையில் 2.090, மட்டம் 96.730. இன்னொரு தரம் நகர்த்தி அதே பாறையில் 0.420. இப்போது ஒளி மட்டம் 97.150. இடைப்புள்ளிக்கு முளையைவிடப் பாறை நல்லது, முளை மிதிபட்டு இறங்கும்.

வடிகால் நீளம் 18 மீட்டர். நூற்றுக்கு ஒன்று சரிவு, மொத்தம் 18 செ.மீ. இறக்கம். ஆரம்பத்தில் கோலில் 1.600. ஒவ்வொரு 3 மீட்டருக்கும் டிடெக்டரை 3 செ.மீ. மேலே நகர்த்திப் பூட்டி, சத்தம் மட்டத்துக்கு வரும்படி முளையைத் தட்டி இறக்கினால் போதும். கடைசி முளையில் 1.780. கருவியிலேயே சரிவைக் கொடுத்துச் சாய்த்துவிடும் வசதியும் இருந்தது. நான் தொடவில்லை. சாய்த்த கருவியை யாராவது மறந்து சுவர் மட்டத்துக்குப் பயன்படுத்திவிட்டால் தீர்ந்தது கதை. வடிகால் முடியும் இடத்திலிருந்து ஓடைக்கு நேராக விடாமல் கல் படி வைத்து இறக்கினோம். இல்லையென்றால் ஒரே மழையில் தண்ணீர் அந்த இடத்தைக் குடைந்து சுவரின் அடியையே பிடுங்கிவிடும்.

முடித்துவிட்டு அதே பாறைகள் வழியாக மேலே ஏறி முதல் குறிக்கு வந்தால் 100.004 வந்தது. 4 மி.மீ. கல் வேலைக்குத் தாராளம். மேஸ்திரி அண்ணன் இருந்தாலும் திருப்திக்காக டியூபில் தண்ணீர் ஊற்றி, குமிழி போகும் வரை தட்டித் தட்டி இரண்டு முளைகளை ஒத்துப் பார்த்தார். வித்தியாசம் தெரியவில்லை. தலையாட்டினார்.

மூடுபனி பற்றி. மதியம் தாண்டினால் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும். லேசான பனியில் சுழலும் சிவப்புத் தட்டு கண்ணுக்கே தெரியும், வேலையாட்கள் வேடிக்கை பார்க்க நிற்பார்கள். அடர்ந்தால் டிடெக்டர் எட்டும் தூரம் குறைந்து, அளவு தடுமாறும். சத்தம் நிலையாக வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், மண்வெட்டும் வேலையைப் பார்க்கலாம். கருவியின் கண்ணாடியில் படியும் துளியைச் சட்டை முனையால் துடைக்கக் கூடாது. சட்டையில் இருக்கும் சிமெண்ட் தூள் கீறிவிடும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி ஒன்றைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். ஈரத்தோடு பெட்டியை மூடாமல் இரவு திறந்து வைத்தேன், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லை. காலைக் குளிரில் பேட்டரி சீக்கிரம் சோரும், ஒரு செட் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். ஒருமுறை ஒளியே இல்லாத உயரத்தில் டிடெக்டர் கத்தியது. தேடிப் பார்த்தால் ரோட்டில் நிறுத்தியிருந்த பிக்கப் வண்டியின் கண்ணாடி ஒளியைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தது. பளபளப்பான தகரக் கூரையும் இதே வேலையைச் செய்யும்.

கருவியைத் திருப்பிக் கொடுக்கும் முன், ரோட்டிலிருந்து வீட்டுத் தட்டுக்குக் கார் இறக்க முடியுமா பார் என்றார் மச்சான். ரோட்டு விளிம்பு 101.400, கார் நிற்க வேண்டிய இடம் 99.200. நடுவில் கிடைப்பது 11 மீட்டர். அதாவது ஐந்துக்கு ஒன்று. குன்னூர் ஏறும் மலை ரயிலின் மிகச் செங்குத்தான இடமே 12.28-க்கு ஒன்றுதான், அதற்கே நடுவில் பல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள் என்றேன். “அப்போ ரோட்டோரமே நிறுத்திக்கறேன்” என்றார் மச்சான்.